மலையடிவாரச் சிற்றூரின் மகன்



நமது செங்கல்பட்டு மேற்றிராசனம் எப்போது, யாரால் ஏற்படுத்தப்பட்டது என்று உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். 2002-ம் ஆண்டு ஜூலை மாதம் 19-ம் தேதி, சென்னை–மயிலை அதிமேற்றிராசனத்தைப் பிரித்து, செங்கல்பட்டைத் தனி மேற்றிராசனமாக்கி, மேதகு நீதிநாதன் ஆண்டகையை அதன் முதல் மேற்றிராணியாராக நியமித்தவர் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர். இரண்டாம் ஜான் பால் என்று இன்று பலரும் சொல்வது இவரைத்தான். அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1986-ம் ஆண்டு பிப்ரவரி 5-ம் தேதி, அவர் பரங்கிமலைக்கு வந்து அர்ச்சியசிஷ்ட தோமையாரின் திருத்தலத்தில் செபித்துப் போனார். உங்களில் முதியவர்கள் சிலருக்கு அந்த நாள் இன்னும் நினைவில் இருக்கும்.

நம்மைத் தனி மேற்றிராசனமாக்கிய கட்டளையில் ஒப்பமிட்ட அந்தக் கை, எந்த ஊரில் வளர்ந்த கை? சிறு வயதில் அதைப் பிடித்து நடத்தியவர் யார்? பெரிய ரோமாபுரியைப் பற்றி நாம் அடிக்கடி கேள்விப்படுகிறோம். ஆனால் பாப்பரசர் பிறந்த வீடு எப்படிப்பட்டது என்று நினைத்துப் பார்க்கிறவர்கள் சிலரே. ஆகையால் இந்த வாரம் மனத்தினால் ஒரு பிரயாணம் செய்வோம். போலந்து நாட்டில், மலையடிவாரத்தில் இருக்கிற வாதோவித்சே என்னும் சிற்றூருக்கு என்னோடு வாருங்கள்.

போலந்தின் தென்பகுதியில் கிராக்கோவ் என்னும் பழைய நகரம் இருக்கிறது. அங்கிருந்து தென்மேற்காக ஏறக்குறைய 50 கிலோமீட்டர் போனால் வாதோவித்சே வந்துவிடும். செங்கல்பட்டுக்கும் சென்னைக்கும் உள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குத் தெற்கே பெஸ்கித் மலைகள் எழும்புகின்றன. ஸ்காவா என்னும் ஆறு பக்கத்தில் ஓடுகிறது. நடுவில் ஒரு சந்தைத் திடல், திடலின் ஓரத்தில் பங்குக் கோயில், அதைச் சுற்றி வீடுகளும் கடைகளும். பாப்பரசர் சிறுவனாக இருந்த நாளில் அங்கே சுமார் ஏழாயிரம் பேர் வாழ்ந்தார்கள். ஒரு பள்ளிக்கூடம், ஒரு நீதிமன்றம், ஒரு படை முகாம், சில சிறு தொழிற்சாலைகள், இவ்வளவுதான் ஊர். நம் பக்கத்துத் தாலுகாத் தலைநகர் ஒன்றைப் பார்ப்பது போலத்தான் இருக்கும்.

பங்குக் கோயிலின் பக்கச் சுவருக்கு எதிரே, ஒரு குறுகிய சந்து மட்டும் இடைவெளி விட்டு, ஒரு மாடி வீடு நிற்கிறது. அதன் சொந்தக்காரர் ஒரு யூத வணிகர். கீழே அவருடைய கடை, மேல்மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் கொண்ட வாடகைப் பகுதி. அந்த வாடகை வீட்டில்தான் 1920-ம் ஆண்டு மே மாதம் 18-ம் தேதி கரோல் வோய்த்திவா பிறந்தான். ஜூன் மாதம் 20-ம் தேதி எதிரே இருந்த கோயிலில் அவனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. வீட்டார் அவனைச் செல்லமாக லோலெக் என்று அழைத்தார்கள். சன்னலைத் திறந்தால் கோயில் சுவரில் பொருத்தியிருக்கும் சூரிய கடிகாரம் கண்ணில் படும். காலம் ஓடிவிடும், நித்தியம் காத்திருக்கிறது என்ற கருத்துள்ள ஒரு வாசகம் அதில் எழுதியிருக்கிறது. பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தான்.

தகப்பனாருடைய பெயரும் கரோல். படையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாதவர், நேரம் தவறாதவர். தாயார் எமிலியா, தையல் வேலை செய்து குடும்பத்துக்கு உதவி செய்தவர். மூத்த மகன் எட்மண்ட், லோலெக்கைவிடப் பதினான்கு வயது பெரியவன். இவர்களுக்கு நடுவில் ஒரு பெண் குழந்தை பிறந்து, பிறந்த சில மணி நேரத்திலேயே இறந்துபோயிற்று. ஆகவே, அந்த வீட்டில் துக்கம் லோலெக் பிறப்பதற்கு முன்னமே ஒரு தரம் வந்து போயிருந்தது.

அது மறுபடியும் வந்தது. 1929-ம் ஆண்டு ஏப்ரல் 13-ம் தேதி தாயார் எமிலியா நோயினால் இறந்தார். பிள்ளைக்கு ஒன்பது வயது நிரம்ப இன்னும் ஒரு மாதம் இருந்தது. புதுநன்மைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நேரம். தாயின் கையால் உடுத்திப் புதுநன்மை வாங்க வேண்டிய பிள்ளை, தாயில்லாமல் பீடத்தண்டை போனான்.

இந்த இடத்தில், குடும்பத் தலைவர்களே, நீங்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். மனைவியை இழந்த அந்த மனிதர் என்ன செய்தார்? பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு கல்வாரியா என்னும் திருத்தலத்துக்குப் போனார். அது வாதோவித்சேயிலிருந்து 15 கிலோமீட்டருக்குள்தான், நாம் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற தூரம். அங்கே 17-ம் நூற்றாண்டிலே குன்றுகளின் மேலும் சரிவுகளிலும் நாற்பதுக்கு மேற்பட்ட சிற்றாலயங்கள் கட்டி, நமதாண்டவரின் பாடுகளையும் தேவமாதாவின் வியாகுலங்களையும் நடந்து தியானிக்கும்படி பாதைகள் அமைத்திருக்கிறார்கள். அச்சிறுபாக்கத்து மழை மலை மாதாவிடம் நம் மக்கள் ஏறிப்போகிறார்களல்லவா, அப்படியே அந்தப் பகுதி மக்கள் தங்கள் பாரங்களைச் சுமந்துகொண்டு கல்வாரியாவுக்குப் போவது வழக்கம். தாயை இழந்த பிள்ளைக்கு இன்னொரு தாய் உண்டு என்பதைத் தகப்பனார் நடந்து காட்டினார்.

வீடு திரும்பியபின் அவர் வேறு கலியாணம் செய்துகொள்ளவில்லை. தாமே சமைத்தார், துணி துவைத்தார். தம் பழைய படை உடுப்புகளைப் பிரித்து மகனுக்குச் சட்டை தைத்தார். வெறிச்சோடிப்போன முன்னறையில் தந்தையும் மகனும் துணிப்பந்து வைத்துக் கால்பந்து விளையாடினார்கள். தினமும் காலையில் பிள்ளை பள்ளிக்குப் போகுமுன் சந்தைத் தாண்டிப் பூசைக்கு உதவி செய்யப் போவான். மாலையில் பாடம், உலாவுதல், செபம். இந்த ஒழுங்கு ஒருநாளும் மாறாது.

லோலெக் சில வேளை நடுராத்திரியில் விழித்துக்கொள்வான். அப்போது தகப்பனார் தரையில் முழங்காலிலிருந்து செபித்துக்கொண்டிருப்பதைக் காண்பான். யாரும் பார்க்க வேண்டுமென்று அவர் அப்படிச் செய்யவில்லை. மகன் தூங்குகிறான் என்றே நினைத்திருப்பார். பல ஆண்டுகளுக்குப் பின், உலகமெல்லாம் அறிந்த பாப்பரசராக இருக்கையில், தம் வாழ்க்கையின் முதல் குருமடம் அந்த வீடுதான் என்று அவர் எழுதி வைத்தார். தகப்பனார் குருத்துவத்தைப் பற்றித் தம்மிடம் ஒரு தரமாவது பேசினதில்லை என்றும் அதோடு சொன்னார். பேசாத அந்த முழங்கால்களே அவருக்குப் பாடமாயின. ஒரு நாள் மகன் பரிசுத்த ஆவியை நோக்கிப் போதுமான அளவு மன்றாடுவதில்லை என்று கண்ட தகப்பனார், ஒரு செபத்தைக் காட்டி அதைச் சொல்லும்படி கற்றுக்கொடுத்தார். அந்தச் செபத்தை மகன் தம் முதுமை வரையில் நாள் தவறாமல் சொல்லிவந்தார்.

துக்கம் மூன்றாம் முறையும் வந்தது. அண்ணன் எட்மண்ட் வைத்தியப் பட்டம் பெற்று, பியெல்ஸ்கோ நகரத்து ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். செம்புள்ளிக் காய்ச்சல் கண்ட ஒரு நோயாளியைக் கைவிடாமல் இரவும் பகலும் கவனித்தார். அந்தத் தொற்று அவரையே பற்றிக்கொண்டது. 1932-ம் ஆண்டு டிசம்பர் 5-ம் தேதி, தமது இருபத்தாறாம் வயதில் இறந்தார். தன்னைக் கொடுத்துப் பிறனைக் காப்பது என்றால் என்ன என்பதை, பன்னிரண்டு வயதுப் பையன் தன் சொந்த அண்ணனின் கல்லறை ஓரத்தில் நின்று கற்றுக்கொண்டான்.

ஆனால் வாதோவித்சே துக்க வீடாக மட்டும் இருந்துவிடவில்லை. லோலெக் உற்சாகமான பையன். ஸ்காவா ஆற்றில் நீந்துவான், மலையேறுவான், பள்ளி நாடகங்களில் நடிப்பான், கால்பந்தில் கோல் காப்பாளனாக நிற்பான். ஊரில் ஐந்தில் ஒரு பங்கு யூதர்கள். சில வேளைகளில் கத்தோலிக்கப் பையன்கள் ஒரு பக்கமும் யூதப் பையன்கள் மறுபக்கமுமாகப் பந்தாடுவார்கள். யூதர் பக்கத்தில் கோல் காக்க ஆள் இல்லாவிட்டால் லோலெக் தயங்காமல் அந்தப் பக்கம் போய் நிற்பான்.

அவனுக்கு யெர்சி குளூகர் என்று ஒரு யூத நண்பன் இருந்தான். யெர்சியின் தகப்பனார் வழக்கறிஞர், யூத சமூகத்துக்குத் தலைவர். ஒரு சமயம், உயர்நிலைப் பள்ளிக்கு இருவரும் தேறிவிட்ட செய்தியைச் சொல்ல யெர்சி ஓடிவந்தான். லோலெக் கோயிலில் பீடத்தண்டை இருந்தான். யெர்சி உள்ளே நுழைந்து காத்திருந்தான். யூத சமூகத் தலைவரின் மகன் கோயிலில் நிற்பதைக் கண்டு ஓர் அம்மாள் வியப்படைந்தாள். லோலெக்கோ அதை ஒரு வியப்பாகவே எண்ணவில்லை. நாமெல்லாரும் ஒரே சர்வேசுரனின் பிள்ளைகள்தானே என்பதே அவன் சொன்னதன் பொருள். சிறுவர்களின் நட்பில் நடந்த சிறு காரியம்தான். இது பிற்காலத்தில் எப்படிப் பலன் கொடுத்தது என்று பின்னால் பார்ப்போம்.

ஊருக்கு வெளியே சிறு குன்றின்மேல் கார்மேல் சபைக் குருக்களின் மடம் இருக்கிறது. பத்து வயதளவில் லோலெக் அங்கே போய்க் கார்மேல் மாதாவின் உத்தரியத்தை வாங்கிக்கொண்டான். மரணம் மட்டும் அதைக் கழற்றவில்லை. நமது கோவளம் கடற்கரையில், அலைச்சத்தம் கேட்க நிற்கும் கார்மேல் மாதா கோயிலை நீங்கள் அறிவீர்கள். அந்த அன்னையையே வாதோவித்சேயின் குன்றின்மேலும் வணங்குகிறார்கள். கடலோரத்து மீனவர் மகனும் மலையடிவாரத்துப் படையதிகாரி மகனும் அணிந்துகொள்வது ஒரே உத்தரியம்.

1938-ம் ஆண்டு கரோல் பள்ளிப்படிப்பை முடித்தார். தந்தையும் மகனும் வாதோவித்சே வீட்டைக் காலி செய்து, கிராக்கோவில் ஒரு தாழ்ந்த கீழ்த்தளத்து வீட்டுக்குக் குடிபோனார்கள். மகன் பல்கலைக்கழகத்தில் போலந்து மொழியும் இலக்கியமும் படிக்கத் தொடங்கினார். ஒரே ஆண்டுதான் படிக்க முடிந்தது. 1939-ம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி, முதல் வெள்ளிக்கிழமை, அவர் பேராலயத்தில் பூசைக்கு உதவி செய்துகொண்டிருக்கையில் ஜெர்மானிய விமானங்கள் நகரத்தின்மேல் குண்டு போட்டன. பல்கலைக்கழகம் மூடப்பட்டது, பேராசிரியர்கள் சிறைப்பட்டார்கள். கரோல் 1940-ம் ஆண்டு முதல் கல்லுடைக்கும் சுரங்கத்திலும், பிறகு ஒரு ரசாயனத் தொழிற்சாலையிலும் கூலியாளாக உழைத்தார். பல்லாவரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே கல் குவாரிகளில் வேலை செய்த நம் மூத்தோர், அந்த வேலை உடம்பை என்ன செய்யும் என்று அறிவார்கள். போலந்தின் உறைபனிக் குளிரில் அதைச் செய்வதை எண்ணிப் பாருங்கள்.

1941-ம் ஆண்டு பிப்ரவரி 18-ம் தேதி. தகப்பனார் சில வாரங்களாகவே படுக்கையில் இருந்தார். வேலை முடித்து, தகப்பனாருக்கு மருந்தும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு மகன் வீட்டுக்குள் நுழைந்தார். தகப்பனாரின் உயிர் பிரிந்திருந்தது. கடைசி நேரத்தில் அருகில் இல்லாமல் போனோமே என்று அவர் அழுதார். அன்று இராமுழுதும் உடலின் அருகே முழங்காலிலிருந்து செபித்தார். முன்னே பிள்ளை விழித்துப் பார்க்கத் தகப்பன் முழந்தாளிட்டிருந்தார். இப்போது தகப்பன் துயில மகன் முழந்தாளிட்டார். இருபத்தொரு வயது நிரம்பவில்லை. தாய், தமையன், தந்தை, ஒருவரும் மிச்சமில்லை.

அவர் இழந்தது குடும்பத்தை மட்டுமல்ல. வாதோவித்சேயில் பகைவர்கள் யூதர்களின் செபக்கூடத்தை இடித்துத் தகர்த்தார்கள். யூதர்களை ஒரு மூலையில் அடைத்து வைத்து, 1943-ல் மிஞ்சியவர்களையும் ஆஷ்விட்ஸ் என்னும் கொலை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அந்த முகாம் எவ்வளவு தூரம் தெரியுமா? வாதோவித்சேயிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற தூரந்தான். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மனிதர்களைக் கொன்ற இடம், அந்த அமைதியான ஊருக்கு அவ்வளவு அருகில் இருந்தது. யெர்சி குளூகர் போர்ப்படையில் சேர்ந்து வெளிநாட்டில் இருந்தபடியால் தப்பினார். அவருடைய தாயும் தங்கையும் ஆஷ்விட்ஸில் மாண்டார்கள். கூடப் பந்தாடிய பையன்களில் எத்தனை பேர் திரும்பவேயில்லை!

இவ்வளவும் கண்ட ஒரு வாலிபன் எப்படியாகியிருக்கலாம்? சர்வேசுரன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அல்லது ஜெர்மானியர் எல்லாரையும் சாகும்வரை பகைத்திருக்கலாம். நம்மில் சிலர் இதைவிட எத்தனையோ சிறிய நஷ்டத்துக்கும் அவமானத்துக்கும் கோயிலை விட்டு நின்றுவிடுகிறோம், அண்ணன் தம்பி வீட்டு வாசல் மிதியாமல் பத்து வருஷம் இருந்துவிடுகிறோம். கரோலின் மனமோ வேறு திசையில் திரும்பியது. தந்தை இறந்த மறு ஆண்டு, 1942-ல், கிராக்கோவ் அதிமேற்றிராணியார் சப்பியேகா ஆண்டகை மறைவாக நடத்திவந்த குருமடத்தில் அவர் சேர்ந்தார். பிடிபட்டால் மரணம் என்று தெரிந்தே சேர்ந்தார். பகலில் தொழிற்சாலை, இரவில் தேவசாஸ்திரம்.

1946-ம் ஆண்டு நவம்பர் முதல் தேதி, சகல அர்ச்சியசிஷ்டவர்களின் திருநாளன்று, அவர் குருப்பட்டம் பெற்றார். மறுநாள் மரித்த விசுவாசிகளின் நினைவு நாள். அன்று குருவானவர் மூன்று பூசை செய்யலாம். புதுக்குரு கரோல் தமது முதல் மூன்று பூசைகளையும் பேராலயத்தின் நிலவறைக் கோயிலில் தாய்க்கும், தமையனுக்கும், தந்தைக்குமாக ஒப்புக்கொடுத்தார். புதுப்பூசைக்கு வந்து மகனின் கையை முத்தி செய்யப் பெற்றோர் இல்லை. மோட்சத்திலிருந்து அவர்கள் பார்த்தார்கள் என்று நாம் விசுவசிக்கிறோம். சில நாட்களுக்குப் பின், தமக்கு ஞானஸ்நானம் கிடைத்த வாதோவித்சே கோயிலிலும் பூசை செய்தார்.

அதற்குப் பின் நடந்தவற்றை நீங்கள் ஓரளவு அறிவீர்கள். கிராமப் பங்கில் உதவிக் குரு, மாணவர்களின் வழிகாட்டி, பேராசிரியர். 1958-ல் துணை மேற்றிராணியார், 1964-ல் கிராக்கோவ் அதிமேற்றிராணியார், 1967-ல் கர்தினால். 1978-ம் ஆண்டு அக்டோபர் 16-ம் தேதி, ஐம்பத்தெட்டாம் வயதில் பாப்பரசர். இத்தாலி நாட்டவரல்லாத ஒருவர் அர்ச். இராயப்பரின் ஆசனத்தில் அமர்ந்து 455 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பாப்பரசராகித் தாய்நாட்டுக்கு முதன்முறை போனபோது, 1979-ம் ஆண்டு ஜூன் 7-ம் தேதி அவர் செய்த பிரயாணத்தை மனத்தில் நிறுத்துங்கள். அன்று ஒரே நாளில் மூன்று இடங்களுக்குப் போனார். முதலில் கல்வாரியா, தாய் இறந்தபின் தகப்பனார் அழைத்துப்போன அதே திருத்தலம். பிறகு வாதோவித்சே. தமது ஞானஸ்நானத் தொட்டியண்டையில் முழந்தாளிட்டார், பழைய தோழர்களையும் அயலாரையும் பெயர் சொல்லி விசாரித்தார். அதன்பின் ஆஷ்விட்ஸ். வேதசாட்சியாக மரித்த மாக்சிமிலியன் கோல்பே சுவாமியார் பட்டினி கிடந்து உயிர்விட்ட சிறையறையில் செபித்தார். யூத மக்களின் நினைவுக்கல் முன் தலைவணங்கி நின்றார். செபமும், வீடும், சிலுவையும் அந்த ஒரு நாளில் ஒன்று சேர்ந்தன.

வாதோவித்சேயில் கற்றதை அவர் மறந்தாரா? 1981-ம் ஆண்டு மே 13-ம் தேதி, இராயப்பர் சதுக்கத்தில் அலி ஆக்சா என்பவன் அவரைத் துப்பாக்கியால் சுட்டான். மரணத்தின் வாசல் வரை போய்த் திரும்பினார். ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே அவனை மன்னித்தார். 1983-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் முடிந்த இரண்டாம் நாள் சிறைக்கே போய், அவனருகில் உட்கார்ந்து, கைப்பிடித்துப் பேசினார்.

யெர்சி குளூகரை அவர் 1965-ல், பொதுச்சங்கம் நடந்த காலத்தில், ரோமையில் மறுபடியும் கண்டுகொண்டார். கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட பிரிவு ஒரு நொடியில் மறைந்தது. பாப்பரசரானபின்பும் அந்த நட்பு குறையவில்லை. 1986-ம் ஆண்டு ஏப்ரல் 13-ம் தேதி, அவர் ரோமையிலுள்ள யூதர்களின் பெரிய செபக்கூடத்துக்குப் போனார். அர்ச். இராயப்பருக்குப் பின் எந்தப் பாப்பரசரும் அப்படிப் போனதாக வரலாறு சொல்வதில்லை. அது அவருடைய தாயார் இறந்த தேதியும்கூட. யெர்சி கோயிலுக்குள் ஓடிவந்த அந்தப் பழைய நாளுக்கு இது மறுமொழி போலிருக்கிறது.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அவர் நம்மிடம் வந்திருந்தார். சென்னையில் அந்த பிப்ரவரி 5-ம் தேதி, தோமையார் மலையில் செபித்ததோடு, மற்றச் சமயத் தலைவர்களையும் சந்தித்து மரியாதையோடு உரையாடினார். பக்கத்து வீட்டானை நேசிக்கக் கற்ற பையன், நமது நாட்டிலும் அயலாரின் வாசலைத் தேடியே வந்தார்.

1991-லும், கடைசியாக 1999-ம் ஆண்டு ஜூன் 16-ம் தேதியும் அவர் வாதோவித்சேக்குப் போனார். கடைசி வருகையில் வயது எழுபத்தொன்பது. கை நடுங்கிற்று, முதுகு கூனியிருந்தது. ஆனாலும் சந்தைத் திடலில் உட்கார்ந்துகொண்டு, எந்த இடத்தில் எந்தக் கடை இருந்தது, எந்த ஆசிரியர் என்ன கற்பித்தார் என்று ஒரு முதியவர் தம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே போனார். பள்ளித் தேர்வு முடிந்தபின் தோழர்களோடு மிட்டாய்க் கடையில் பால்பாகு வைத்த பணியாரம் வாங்கித் தின்றதையும் நினைவுகூர்ந்தார். கூட்டம் சிரித்து மகிழ்ந்தது. அது முதல் அந்தப் பணியாரத்துக்குப் பாப்பரசரின் பெயரே ஒட்டிக்கொண்டது. வாதோவித்சேக்குப் போகிற யாத்திரிகர்கள் அதைத் தின்னாமல் திரும்புவதில்லை.

2002-ல், நமது மேற்றிராசனத்தை ஏற்படுத்திச் சரியாக ஒரு மாதம் கழித்து, ஆகஸ்டு 19-ம் தேதி கல்வாரியாவில் அவர் பூசை செய்தார். தாயில்லாப் பிள்ளையாகத் தகப்பன் கைப்பிடித்துப் போன அந்தத் தலத்தை அவர் கண்டது அதுவே கடைசி. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் தேதி ஆழிப்பேரலை நமது மாமல்லபுரம் கரையையும் தாக்கிற்று. அன்றே அவர், நோயின் பாரத்தோடு, கடலால் அழிந்த மக்களுக்காக வேண்டிக்கொள்ளும்படி உலகத்தைக் கேட்டுக்கொண்டார். நான்கு மாதம் நிறையுமுன், 2005-ம் ஆண்டு ஏப்ரல் 2-ம் தேதி இரவு, தமது எண்பத்துநான்காம் வயதில் ஆண்டவரில் இளைப்பாறினார். 2014-ம் ஆண்டு ஏப்ரல் 27-ம் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் அவரை அர்ச்சியசிஷ்டவராகப் பிரகடனம் செய்தார். அக்டோபர் 22-ம் தேதி அவருடைய திருநாள்.

உங்களில் யாருக்காவது ஒரு நாள் வாதோவித்சேக்குப் போகும் பாக்கியம் கிடைத்தால், அந்த வாடகை வீடு காட்சிச்சாலையாக இருப்பதைக் காண்பீர்கள். கோயிலுக்குள் ஞானஸ்நானத் தொட்டி இருக்கிறது. சுவரில் சூரிய கடிகாரமும் இருக்கிறது. அங்கே பிரம்மாண்டமான எதையும் தேடாதீர்கள். இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, அவ்வளவுதான் பார்க்க இருக்கிறது.

போக முடியாதவர்கள் வருந்த வேண்டாம். அவ்வளவு இடம் உங்கள் வீட்டிலும் இருக்கிறது. வீடு சிறியது, வாடகை வீடு, ஊர் சிறியது, பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கப்போகிறோம் என்று மனம் சோர்கிற பெற்றோர்களே! கரோலின் தகப்பனார் மகனுக்குச் சொத்து வைக்கவில்லை. தாம் முழங்காலிலிருந்ததைக் காணக் கொடுத்துவைத்தார். மனைவியையோ கணவனையோ இழந்து தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர்களே, அலையில் உற்றாரைப் பறிகொடுத்தவர்களே! உங்களைப்போல் ஆளில்லாமற்போன ஒரு வீட்டிலிருந்துதான் பரிசுத்த சபைக்கு ஒரு தகப்பன் கிடைத்தார். துக்கம் வீட்டைக் காலியாக்கலாம். அந்த வீட்டில் ஒருவர் முழந்தாளிடுகிறவரை அது பாழ்வீடாகாது.

பிள்ளைகளே, பக்கத்து வீட்டுப் பையன் வேறு மதம், வேறு தெரு என்று விலக்காதேயுங்கள். அவன் பக்கத்தில் கோல் காக்க ஆள் இல்லையென்றால், போய் நில்லுங்கள்.

அக்டோபர் மாதம் செபமாலை மாதம். அந்த மாதத்தில் இரவு சாப்பாட்டுக்குமுன் தகப்பனார்கள்தாமே முதலில் முழங்காலிலிருந்து, குடும்பமாகச் செபமாலை சொல்லத் தொடங்குங்கள். தாய்மார் அழைத்து அழைத்துத் தகப்பன்மார் வருகிற வழக்கம் நம் வீடுகளில் மாறட்டும். எந்தப் பிள்ளை அரைத்தூக்கத்தில் கண் திறந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று யார் அறிவார்?

சர்வேசுரன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு